அழுத்த வார்ப்புக்கு அச்சு செய்வது: கேள்வி பதில்

கேள்வி: மண்குழம்பை ஊற்றி வார்க்கும் பழைய பிளாஸ்டர் அச்சுகள் கைவசம் இருக்கின்றன. அவற்றையே அழுத்த வார்ப்புக்குப் பயன்படுத்தலாமா ஐயா?

பதில்: வேண்டாம். ஊற்றி வார்க்கும்போது பிளாஸ்டர் தானாகவே நீரை உறிஞ்சுகிறது. அச்சுப் பகுதிகளைச் சேர்த்துப் பிடிக்க ஒரு ரப்பர் பட்டை போதும். அழுத்த வார்ப்பில் மண்குழம்பை அழுத்தி, அதிலுள்ள நீரை நாமே அச்சுக்குள் தள்ளுகிறோம். அந்தத் தள்ளல் அச்சையும் பிளக்கப் பார்க்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 செ.மீ. சதுரமான பொருளின் பரப்பு 1,600 சதுர செ.மீ. 3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறக்குறைய 3 கிலோ விழுகிறது. அச்சின் இரு பாதிகளையும் பிரிக்க முயலும் விசை கிட்டத்தட்ட 5 டன்! பிளாஸ்டர் நசுக்கும் விசையைத் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ உடையும். எனவே எஃகுச் சட்டம்தான் பாரத்தை வாங்க வேண்டும். சட்டத்துக்குள்ளேயே பிளாஸ்டரை ஊற்றிவிடுங்கள். அச்சின் முதுகில் இடைவெளி விட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: அதிகபட்சம் எத்தனை பார்?

பதில்: பிளாஸ்டருக்கு 3 பார். அதற்கு மேல் போக வேண்டுமானால் நுண்துளை ரெசின் (ஒருவகை பிளாஸ்டிக்) அச்சுக்கு மாறுங்கள்.

கேள்வி: பிளாஸ்டருக்கு எவ்வளவு தண்ணீர்?

பதில்: 100 பங்கு பிளாஸ்டர் இறுகுவதற்கு 18 அல்லது 19 பங்கு நீரே போதும். மிச்ச நீர் உலர்ந்து போகும் இடம்தான் துளை. வழக்கமான அச்சுக்கு 70 பங்கு ஊற்றுவார்கள். அழுத்தம் தாங்க வேண்டிய அச்சுக்கு நான் 60 முதல் 65 வரை ஊற்றுவேன். கண்ணளவு உதவாது, தராசில் நிறுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் உலர்த்துங்கள். சூடு மிஞ்சினால் பிளாஸ்டர் மாவாக உதிரத் தொடங்கும்.

கேள்வி: தள்ளப்படும் நீர் எந்த வழியாக வெளியேறும்?

பதில்: பலரும் அச்சின் முகத்தை, அதாவது மண் படியும் பக்கத்தை, மட்டுமே மெருகேற்றுகிறார்கள். வேலை நடப்பது முகத்துக்குப் பின்னால். முகத்திலிருந்து 2 அல்லது 3 செ.மீ. உள்ளே, அதன் வளைவை அப்படியே பின்பற்றி, நீர் கசியும் துணிக்குழாயைச் சுருளாகப் பதியுங்கள். பிளாஸ்டர் இறுகிச் சூடேறும் வேளையில் குழாய் வழியே காற்றைச் செலுத்துங்கள்; முகத்தில் நீர் முத்து முத்தாக வியர்க்கும். துளைகள் ஒன்றோடொன்று இணைகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். காற்றைத் தாமதமாகச் செலுத்தினால் வழி திறக்காது, முந்தினால் அச்சு பிளக்கும். பின்புறத்தையும் பக்கங்களையும் எபாக்ஸி என்ற பிசினைப் பூசி அடைத்துவிடுங்கள். வார்க்கும்போது நீர் வடிவதும் இதே குழாய் வழியேதான், வார்த்தபின் காற்றை ஊதிப் பொருளை விடுவிப்பதும் இதன் வழியேதான்.

கேள்வி: அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் வார்க்கும் நேரம் பாதியாகுமா?

பதில்: ஏட்டுக் கணக்கில் ஆகும். நடைமுறையில் படிந்த மண்ணும் நெருங்கி இறுகி நீரைத் தடுப்பதால் அந்த அளவுக்குக் குறையாது. ஆனால் பொருளின் சுவர்த் தடிமனை இரட்டிப்பாக்கினால் நேரம் நான்கு மடங்காகும். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் முழு அழுத்தம் கொடுத்தால் நுண்ணிய மண் முகத்தை அடைத்துவிடும்.

கேள்வி: ரெசின் அச்சைச் சிறு பட்டறையில் செய்ய முடியுமா?

பதில்: மெத்தில் மெதாக்ரிலேட் திரவம், அக்ரிலிக் தூள், நீர் ஆகியவற்றைப் பால்போல் கலக்குகிறார்கள். திரவம் இறுகிய பின் நீர் இருந்த இடங்களே துளைகளாகின்றன. ஆனால் அந்தத் திரவத்தின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், நுரையீரலையும் தாக்கும். புகைபோக்கியும் முறையான காற்றோட்டமும் இல்லாத இடத்தில் தொடவே தொடாதீர்கள். ரெசின் அச்சு பல்லாயிரம் வார்ப்புகள் தாங்கும், பிளாஸ்டர் நூறு அளவில் தேய்ந்துவிடும். சில நூறு பொருள்களுக்குப் பிளாஸ்டரே போதும்.

கேள்வி: கம்ப்ரசர் இல்லாமல் பழகிப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. மண்குழம்பு நீரைவிட 1.8 மடங்கு கனமானது. தொட்டியை 3 மீட்டர் உயரத்தில் வைத்தால் அரை பார் கிடைக்கும். அதில் கசிவையும் வடிகாலையும் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றழுத்தம் கொடுப்பதானால், அதற்கென்றே சோதிக்கப்பட்ட, பாதுகாப்பு வால்வு உள்ள கலனை மட்டும் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றை ஏற்றாதீர்கள்.