என்-3 சாலையில் எங்கே திரும்புவது?

தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் அருகே உள்ள லெனேசியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புனித வெள்ளியன்று டர்பனுக்கு வடக்கே மவுன்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோவிலுக்குக் காரில் வருகிறோம். போன தடவை 'டர்பன்' என்ற பலகையைப் பார்த்தே ஓட்டி நகருக்குள் மாட்டிக்கொண்டோம். இந்தத் தடவை வயதான அம்மாவும் வருகிறார். எங்கே திரும்பவேண்டும்?"

அம்மா வருகிறார் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நகருக்குள் போகவே வேண்டாம்.

டர்பன் நகர மையம் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் துறைமுகம், முதுகுப் பக்கம் பெரியா மேடு என்று ஒடுங்கிக் கிடக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரும் என்-3 நெடுஞ்சாலை அந்த மேட்டைக் கடந்து நேரே அதற்குள் இறங்குகிறது. என்-2 நெடுஞ்சாலை அப்படியல்ல, நகருக்குள் நுழையாமல், மேட்டுக்குப் பின்னாலேயே வடக்கும் தெற்குமாக ஓடுகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நம் ஆட்கள் ஸ்பகெட்டி ஜங்ஷன் என்று சொல்லும் ஈ.பி. குளோட் சந்திப்பு. அதைத் தவறவிட்டால் என்-3 உங்களை நகர மையத்துச் சந்தைப் பகுதியான வாரிக் பக்கம் கொண்டுபோய் விடும். பாதியில் நின்றுபோன மேம்பாலத்தின் மேல் மூலிகைச் சந்தை, வேரும் பட்டையும் குவியல் குவியலாக. கீழே மினிபஸ் டாக்சிகள், மூட்டை சுமக்கிறவர்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் கோவிலுக்கு அவசரமாகப் போகும்போது அங்கே சிக்கக்கூடாது.

மரியான்ஹில் சுங்கச்சாவடி தாண்டியதும் காருக்குள் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். பைன்டவுன், வெஸ்ட்வில் கடந்ததும் சந்திப்பு வந்துவிடும். முன்கூட்டியே இடது தடத்துக்கு வந்துவிடுங்கள். முன்னால் போகும் லாரியின் பின்னாலேயே போகாதீர்கள்; துறைமுக லாரிகள் பல தெற்கே திரும்பும். உங்களுக்கு வேண்டியது என்-2 வடக்கு, குவாடுகுசா போகும் திசை. சாலைப்பணி நடந்தால் போனில் வரும் குரலைவிடத் தற்காலிகப் பலகையை நம்புங்கள்.

பிறகு சிரமமில்லை. உம்கேனி ஆற்றைத் தாண்டி, மவுன்ட் எட்ஜ்கம் சந்திப்பில் எம்-41 சாலையைப் பிடித்து, ஃபீனிக்ஸ் பக்கம் திரும்புங்கள். உம்லாங்கா பக்கம் போனால் கடற்கரைக்குப் போய்விடுவீர்கள்.

அம்மாவுக்கு கிரே தெருவில் சேலை பார்க்க ஆசையிருந்தால், அதற்கு ஒரு வேலைநாளை ஒதுக்குங்கள். எம்-41-இல் கடற்கரைவரை வந்து, எம்-4 சாலையைப் பிடித்தால் நகருக்கு வடக்கிலிருந்து நுழையலாம். தெருவின் பெயர் மாறிவிட்டது; பலகையில் கிரே தெரு என்று இருக்காது. டாக்டர் யூசுஃப் டாடூ தெரு என்று தேடுங்கள்.