தலைவலிக்குக் காரணம் தட்டில் இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 38, பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளாகத் தலைவலி. இப்போது மாதத்தில் 16, 17 நாட்கள் வலிக்கிறது. உணவு ஒவ்வாமைக்கென்று செய்துகொண்ட ஒரு ரத்தப் பரிசோதனையில், அரிசி, பால், தயிர், கோதுமை, தேங்காய், முட்டை உள்ளிட்ட 22 உணவுகள் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று வந்தது. மூன்று வாரமாக அனைத்தையும் நிறுத்தியிருக்கிறேன். முதல் வாரம் வலி குறைந்தது. இப்போது பழையபடி வருகிறது. எடையும் மூன்று கிலோ குறைந்துவிட்டது. உணவுதான் காரணமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உணவால் தலைவலி தூண்டப்படுவது உண்டு. ஆனால் நீங்கள் செய்துகொண்ட பரிசோதனையால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. இப்படி நீண்ட பட்டியல் தரும் பரிசோதனைகள் பெரும்பாலும் ரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருளை அளக்கின்றன. ஓர் உணவை நாம் அடிக்கடி உண்ணும்போது, உடல் அதனோடு பழகியிருக்கிறது என்பதற்கு அடையாளமாக உருவாகும் பொருள் அது. எனவேதான் அன்றாடம் சோறும் தயிரும் உண்பவரின் பட்டியலில் அரிசியும் பாலும் முதலில் வந்து நிற்கின்றன. உங்கள் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அது ஏறக்குறைய உங்கள் வீட்டு மளிகைச் சீட்டாகவே இருக்கும். ஐரோப்பா, அமெரிக்கா, கனடா ஆகிய இடங்களின் ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இந்தப் பரிசோதனையைக் கொண்டு உணவை விலக்க வேண்டாம் என்றே அறிவுறுத்தியுள்ளன. உண்மையான ஒவ்வாமையைக் காட்டும் ஐ.ஜி.ஈ. என்னும் இன்னோர் எதிர்ப்பொருளை அளக்கும் பரிசோதனை வேறு. உண்டவுடன் தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் ஏற்படுவோருக்கு அது உதவும். தலைவலி மட்டுமே இருப்பவருக்கு அதனாலும் விடை கிடைக்காது.

முதல் வாரம் வலி குறைந்ததே என்று நீங்கள் கேட்கலாம். தலைவலி ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமான நாட்களில்தான் நாம் புதிய வைத்தியத்தைத் தொடங்குகிறோம், அதன்பின் எதுவும் செய்யாவிட்டாலும் சற்றுக் குறையத்தான் செய்யும். ஆகவே ஒரு வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

உணவைச் சந்தேகிக்கும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது, வலி மாத்திரை. மாதத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதங்களுக்கு அதிகமாகத் தலைவலி நீடித்தால் அதை நாள்பட்ட தலைவலி என்கிறோம். இந்த நிலைக்கு வருபவர்களில் பலருக்கு, வலியைப் போக்க விழுங்கும் மாத்திரையே வலியை வளர்த்துக்கொண்டிருக்கும். பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையை மாதத்தில் 15 நாட்களோ, காஃபீன் போன்றவை கலந்த கூட்டு மாத்திரையையோ ஒற்றைத் தலைவலிக்கு (மைக்ரேன்) உட்கொள்ளும் ட்ரிப்டான் வகை மருந்தையோ 10 நாட்களோ அதற்கு மேலோ உட்கொண்டால் அந்த ஐயம் எழ வேண்டும். நீங்கள் எத்தனை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. முதலில் அதை எண்ணுங்கள். மிகுதியாக இருந்தால் மருத்துவரின் துணையோடு நிறுத்த வேண்டும், ஏனெனில் நிறுத்திய முதல் சில நாட்களில் வலி கூடும்.

இரண்டாவது, காபி. நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் பழகியவருக்கு, அது தவறிய 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரலாம். ஞாயிறன்று தாமதமாக எழுந்து, காலைக் காபி இரண்டு மணி நேரம் தள்ளிப்போவதே சிலருக்குப் போதும். அன்றைக்குச் சமைத்த விருந்தின் மேல் பழி விழுகிறது. மூன்றாவது, வெறும் வயிறு. டிபனை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் நாட்களும் விரத நாட்களும் தலைவலிக்கு நன்கு அறியப்பட்ட காரணங்கள். 22 உணவுகளை ஒரே நேரத்தில் விலக்கியவர் அரைப்பட்டினி கிடக்கவும் வாய்ப்புண்டு, உங்கள் எடை அதைத்தான் காட்டுகிறது.

இனி நாட்குறிப்பு. இரண்டு மாதங்களுக்கு, வலி வந்த நாளும் வராத நாளும் இரண்டுமே அதில் இருக்க வேண்டும். உணவும் நேரமும், தூக்கம், மாதவிடாய், மாத்திரை ஆகியவற்றை ஒரு வரியில் குறித்தால் போதும். வலி வந்த நாளில் மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். மாதத்தில் 28 நாட்கள் தயிர் உண்பவருக்கு ஏறத்தாழ எல்லாத் தலைவலியும் தயிருக்குப் பின்னரே வரும். அதனால் தயிரைக் குற்றவாளியாக்க முடியாது. தயிர் உண்ணாத நாட்களிலும் அதே விகிதத்தில் வலி வருகிறதா என்பதே கேள்வி.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பலருக்கு ஒற்றைத் தலைவலி வலியோடு தொடங்குவதில்லை. சில மணி நேரம் முன்பே, சிலருக்கு இரண்டு நாட்கள் முன்பேகூட, கொட்டாவி, கழுத்து இறுக்கம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவற்றோடு இனிப்பின் மேல் தீராத ஆசையும் எழும். அந்த ஆசையில் சாக்லேட்டைச் சாப்பிடுகிறோம், பின்பு வலி வருகிறது, சாக்லேட்டால் வந்தது என்கிறோம். வலிதான் சாக்லேட்டைத் தேட வைத்திருக்கலாம். ஆகையால், உண்ணும் முன்பே கொட்டாவியோ சோர்வோ இருந்ததா என்பதையும் குறியுங்கள்.

குறிப்பில் ஓர் உணவு திரும்பத் திரும்பத் தலைகாட்டினால் அதை மட்டும் நான்கு வாரம் நிறுத்துங்கள், வேறெதையும் மாற்றாதீர்கள். வலி நாட்கள் தெளிவாகக் குறைந்தால், அதை வழக்கமான அளவில் மீண்டும் உண்டு பாருங்கள். ஒரு முறை வலி வந்தது போதாது. சில நாட்கள் இடைவெளி விட்டு மூன்று முறை சோதித்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி வந்தால்தான் அதை நம்பலாம். நிறுத்திய பயனை விடத் திரும்ப உண்ணும் சோதனையே முக்கியம், அதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். அஜினமோட்டோ போன்ற, கலந்தால் தெரியாத பொருளானால், எந்த நாளில் சேர்த்தோம் என்பதை வீட்டில் வேறொருவர் குறித்து வைத்துக்கொண்டு, உங்களிடம் சொல்லாமல் சமைக்கலாம். எதிர்பார்ப்பே தலைவலி தருவதும் உண்டு. எப்போதாவது தடிப்பையோ மூச்சுத்திணறலையோ தந்த உணவை மட்டும் வீட்டில் ஒருபோதும் சோதிக்காதீர்கள். தினமும் உண்ணும் உணவுக்கும் இந்த நிறுத்திப் பார்க்கும் முறையே வழி, நாட்குறிப்பு அங்கே பயன்படாது.

கோதுமையை மட்டும் தனியே சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எடைக் குறைவு ஆகியவையும் இருந்தால் கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை மருத்துவர் எழுதித் தரக்கூடும். கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தும் இல்லை என்ற பொய்யான முடிவு அதில் வரலாம். எனவே பரிசோதனை முடியும் வரை உண்டுகொண்டிருக்க வேண்டும்.

திடீரென உச்சத்துக்கு ஏறும் வலி, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் நாட்குறிப்பை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இல்லையென்றாலும், மாதத்தில் 16 நாட்கள் வலிக்கும் ஒருவர் இரண்டு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நரம்பியல் மருத்துவரை இப்போதே பாருங்கள். வலி வராமல் தடுப்பதற்கென்றே தினமும் உட்கொள்ளும் மருந்துகள் உள்ளன, குறிப்பு எழுதுவது அதோடு சேர்ந்தே நடக்கலாம். மற்றபடி அரிசி, பால், தயிர், தேங்காய், முட்டை, கோதுமை ஆகியவை, முன்பு உண்டவுடன் உங்களுக்குத் தடிப்போ வீக்கமோ தராதவையென்றால், இன்று இரவிலிருந்தே தட்டுக்குத் திரும்பட்டும்.