வங்கி மதிப்பீடு குறைந்துவிட்டது: விலையைத் திரும்பப் பேசலாமா, வேறு கொண்டோவுக்கு மாறலாமா?

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1,000 சதுர அடி கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்றை 520,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) பேசி, 2 விழுக்காடு முன்பணமும் கட்டிவிட்டேன். நிரந்தர உரிமை நிலம். பராமரிப்பு மாதம் 380 வெள்ளி. இப்போது வங்கி 480,000தான் மதிப்பு என்கிறது. செந்தூலில் அதே அளவு வீடு 455,000க்கு இருக்கிறது. குத்தகையில் 78 ஆண்டு பாக்கி, பராமரிப்பு 220 வெள்ளி. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நீங்கள் கையெழுத்திட்ட முன்பதிவுக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். ‘கடன் நிராகரிக்கப்பட்டால் முன்பணம் திரும்பும்’ என்று மட்டும் இருந்தால் சிக்கல்தான். உங்கள் கடன் நிராகரிக்கப்படவில்லையே, தொகைதானே குறைகிறது? அந்த ஒரு வரியில்தான் உங்கள் 10,400 வெள்ளி நிற்கிறது. வழக்கறிஞரிடம் காட்டாமல் பின்வாங்காதீர்கள்.

விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி 90 விழுக்காடு வரை தரும். 480,000க்கு 432,000. ஆக, கையிலிருந்து போக வேண்டியது 52,000 அல்ல, 88,000. முத்திரை வரியும் வழக்கறிஞர் கட்டணமும் தனி. ‘குறைகிற பணத்துக்கு பெர்சனல் லோன் எடுங்கள்’ என்று ஏஜெண்ட் சொல்லக்கூடும். கேட்காதீர்கள். அது சிசிஆர்ஐஎஸ் (மத்திய வங்கியின் கடன் தகவல்) பதிவில் ஏறி, வீட்டுக் கடனையே கெடுக்கலாம்.

ஒரு மதிப்பீட்டோடு பேரத்துக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு வங்கிக்கும் மதிப்பீட்டாளர் பட்டியல் வேறு. இன்னும் இரண்டு வங்கிகளில் உத்தேச மதிப்பைக் கேளுங்கள். அங்கும் 480,000 பக்கமே வந்தால் உங்கள் பேச்சுக்குப் பலம் கூடும். அதே கட்டடத்தில் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதை ஜேபிபிஎச் (அரசின் சொத்து மதிப்பீட்டுத் துறை) பதிவில் பாருங்கள். விளம்பரத்தில் போடுவது ஆசை விலை, விற்ற விலை அல்ல.

அடுத்து, மழை பெய்த மறுநாள் வீட்டைப் பாருங்கள். குளியலறைக் கூரையில் காபி நிறத்தில் வட்டக் கறை இருந்தால் மேல் வீட்டு ஒழுக்காக இருக்கலாம். உரிமையாளர் புகார் செய்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்கின்றன 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடிச் சொத்து) பராமரிப்பு விதிமுறைகள். நீங்கள் வாங்குவதற்கு முன் அந்தப் புகாரை விற்பவரே செய்யட்டும். இல்லையென்றால் காண்டிராக்டரிடம் கொட்டேஷன் வாங்கி விலையில் கழியுங்கள்.

பிறகு எழுத்தில் கேளுங்கள்: 485,000, மதிப்பீட்டுக் கடிதம் இணைப்பு, 3 வேலை நாளில் பதில். உங்கள் மனத்தில் 495,000க்கு மேல் போகக் கூடாது. அங்கேயே கைப்பணம் 63,000 ஆகிவிடும். விற்பவர் எப்போது வாங்கினார் என்றும் விசாரியுங்கள். மலேசியக் குடிமக்கள் வாங்கிய ஐந்தாம் ஆண்டில் விற்றால் சொத்து ஆதாய வரி 15 விழுக்காடு, ஆறாம் ஆண்டு முதல் இல்லை. அவருக்கு ஆறாம் ஆண்டு பிறக்க ஓரிரு மாதமே இருந்தால், ஒப்பந்தக் கையெழுத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்து, பதிலுக்கு விலையைக் குறைக்கச் சொல்லலாம். நல்ல பேரம் அது.

செந்தூல் 220 வெள்ளி என்பதில் மயங்க வேண்டாம். சேம நிதி (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு) பராமரிப்பில் 10 விழுக்காடு என்பதால், வசூல் குறைந்தால் அதுவும் குறையும். லிஃப்ட் மாற்ற வேண்டி வந்தால் எல்லா வீட்டாரிடமும் தனியாக வசூலிப்பார்கள். தணிக்கை செய்த கணக்கு, கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பு, கட்டாத நிலுவை விவரம் ஆகியவற்றை ஜேஎம்பியிடம் (கட்டடத்தின் கூட்டு நிர்வாகக் குழு) கேட்டுத் தரும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். 78 ஆண்டு இப்போதைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் உரிமை மாற்றத்துக்கு அரசு ஒப்புதல் தேவைப்பட்டால், மீதிப் பணம் கட்டுவதற்கான வழக்கமான 3 மாதக் கெடு ஒப்புதல் வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும்.

பிரிக்பீல்ட்ஸ்காரர் இறங்கி வராமல், வழக்கறிஞரும் விலகலாம் என்றால் செந்தூலுக்குப் போங்கள். அங்கே முன்பணம் கொடுக்குமுன் கடிதத்தில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘வங்கி மதிப்பீடு விலையைவிடக் குறைந்தால் வாங்குபவர் விலகலாம், முன்பணம் முழுவதும் 14 நாளில் திருப்பித் தரப்படும்.’