பூக்காத மல்லிகை, பஞ்சு பிடித்த செம்பருத்தி: வீட்டுத் தோட்டம் கேள்வி-பதில்

கேள்வி: கொல்லையில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்ட குண்டுமல்லி இடுப்பு உயரத்துக்குப் புதராக வளர்ந்திருக்கிறது. மாதந்தோறும் தொழுவுரமும் கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் கொடுக்கிறோம். இலை செழிப்பாக இருந்தும், கோடையில்கூட ஒரு கைப்பிடிப் பூ கிடைப்பதில்லை. வேறு என்ன உரம் போடலாம்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வேறு உரம் எதுவும் வேண்டாம், இப்போது கொடுப்பதையே குறைத்துக்கொள்ளுங்கள். பிண்ணாக்கில் தழைச்சத்து மிகுதி. அதை மாதந்தோறும் ஊற்றினால் செடி இலையும் தண்டுமாக வளருமே தவிர, அரும்பு கட்டாது.

குண்டுமல்லி, புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் பூக்கும். மூன்று ஆண்டுகளாகக் கவாத்து செய்யாத, அதாவது கிளைகளை வெட்டிவிடாத செடியில் முற்றிய கிளைகளே பெருகியிருக்கும் என்பதால், நீங்கள் ஊட்டுவதெல்லாம் அந்தப் பழைய கிளைகளைக் காப்பாற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில் எல்லாக் கிளைகளையும் கூரான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, நோயுற்ற குச்சிகளை அடியோடு நீக்குங்கள். மல்லிகை வயல்களில் விவசாயிகள் ஆண்டுதோறும் இதைத்தான் செய்கிறார்கள். வீட்டில் வளர்ப்பவர்களுக்கோ பச்சையாக நிற்கும் செடியை வெட்ட மனம் வருவதில்லை; அதனால் நுனியை மட்டும் கிள்ளிவிட்டுக் கவாத்து முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். வெட்டிய பிறகு தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி நன்கு மக்கிய தொழுவுரம் இட்டு நீர் பாய்ச்சினால், புதுத் தளிர்களில் மார்ச் மாதம் முதல் பூவை எதிர்பார்க்கலாம். அடுத்த உரத்தை ஜூன் மாதத்தில் கொடுத்தால் போதும். இதே வீட்டில் பிச்சியும் முல்லையும் இருந்தால் அவற்றை நவம்பரில் தொடாதீர்கள். பிச்சிக்கு டிசம்பர் கடைசியும், முல்லைக்கு ஜனவரி கடைசியும் கவாத்துக்கு உரிய காலம்.

செடி எங்கே நிற்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. மாமரத்தின் கீழோ, பக்கத்து வீட்டு மாடியின் நிழலிலோ நின்றால், கவாத்து செய்தும் பயன் குறைவாகவே இருக்கும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம் மல்லிகைக்குத் தேவை. நல்ல வெயிலிலும் அரும்புகள் ஊதா நிறம் கொண்டு, அடிப்பகுதி பருத்து, விரியாமலே உதிர்கின்றன என்றால் அது மொட்டு ஈயின் வேலை. அத்தகைய அரும்புகளைச் செடியிலேயே விடாமல் பறித்து அழித்துவிட வேண்டும். அந்த ஈயின் கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால், தூரைச் சுற்றிய மண்ணையும் அவ்வப்போது கிளறிவிடுவது நல்லது.

கேள்வி: செம்பருத்தியின் கொழுந்தில் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. இலைகள் சுருண்டு, மொட்டுகள் உதிர்கின்றன. மருந்து அடித்தாலும் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அது மாவுப்பூச்சி. செடியில் எறும்பு ஊர்கிறதா என்று முதலில் பாருங்கள். மாவுப்பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் விரட்டிவிடுகின்றன. எறும்பின் வரிசையைத் தடுக்காமல் மருந்து மட்டும் அடிப்பதுதான் பூச்சி திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் காரணம். தொட்டிச் செடியானால் தொட்டியை நீர் நிரம்பிய அகலமான தட்டின் நடுவே செங்கல் மேல் வைத்துவிட்டால், எறும்பால் ஏற முடியாது.

பஞ்சு அடர்ந்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எஞ்சியதைக் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் செய்ய வேண்டும். கடுமையான பூச்சிக்கொல்லியை நான் பரிந்துரைப்பதில்லை. 2008-ல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளியோடு வீட்டுச் செம்பருத்திகளையும் பாழாக்கியபோது, அடுத்தடுத்து அடித்த மருந்துகளால் அதை ஒழிக்க முடியவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. நஞ்சு தெளித்தால் முதலில் சாவது இத்தகைய நண்பர்களே.

கேள்வி: நாற்றங்காலில் பூவுடன் வாங்கிய சிவப்பு ஒட்டு ரோஜா இப்போது ஆள் உயரத்துக்கு நீண்ட கிளைகள் விட்டிருக்கிறது, ஒரு மொட்டும் இல்லை.
– வாசகி, ஓசூர்

பதில்: நீங்கள் வளர்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் காட்டு ரோஜாவாக இருக்கும். ஒட்டு கட்டிய முடிச்சுக்குக் கீழே, வேருக்காகப் பயன்படுத்திய காட்டுச் செடியிலிருந்து கிளம்பும் தளிர்கள் வேகமாக வளர்ந்து மேலே உள்ள நல்ல ரகத்தைப் பட்டினி போட்டுவிடும். முடிச்சைத் தேடிப் பாருங்கள். அதற்கு மேலே உயிருள்ள கிளை ஒன்றாவது இருந்தால், கீழிருந்து வந்தவற்றை மண்ணைத் தோண்டி, தோன்றிய இடத்திலேயே பிய்த்து எடுத்துவிடுங்கள். மேலே எதுவும் இல்லையென்றால் புதுச்செடி வாங்குவதே வழி. அடுத்த முறை, நிறைய பூத்திருக்கும் செடியைத் தேடாமல், முடிச்சு மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிகிற, அதற்கு மேல் இரண்டு மூன்று திடமான கிளைகள் உள்ள செடியாகப் பார்த்து வாங்குங்கள். நடும்போதும் முடிச்சு மண்ணில் புதையக் கூடாது.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் காலை பத்து மணி வரைதான் வெயில் வரும். தலையில் சூடுவதற்கும் பூஜைக்கும் பூ வேண்டும். என்ன வைக்கலாம்?
– வாசகி, சென்னை

பதில்: மல்லிகையையும் ரோஜாவையும் மறந்துவிடுங்கள். சூடுவதற்குக் கனகாம்பரமும், பூஜைக்கு நந்தியாவட்டையும் உங்கள் இடத்துக்குப் பொருந்தும். இரண்டும் பாதி நிழலைத் தாங்கிப் பூக்கும். கனகாம்பரத்தில் டெல்லி ரகம் விதை பிடிக்காது என்பதால் குச்சி வைத்துத்தான் பெருக்க முடியும். நீர் ஊற்றியும் செடி வாடிக்கொண்டே போனால், வேரில் சிறு முடிச்சுகள் உள்ளனவா என்று பாருங்கள். அது நூற்புழுத் தாக்குதல். அந்த மண்ணை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்; டெங்கு பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும்.

கேள்வி: வாசலில் அரளி வைக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: குழந்தைக்கு விவரம் தெரியும் வரை வேண்டாம். அரளியின் இலை, பூ, பட்டை, வேர் அனைத்துமே நஞ்சு. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதை வெட்டிய பின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வெட்டிய குச்சிகளை ஆடுமாடுகளுக்கு எட்டும்படி போடவோ, அடுப்பெரிக்கவோ கூடாது.