பழைய மஸ்டா எம்எக்ஸ்-5இல் கியர் லீவர் ஆடினால் ஷோர்ட் ஷிப்டர் போடலாமா?

1990ஆம் ஆண்டு எம்எக்ஸ்-5. லீவர் தொளதொளவென்று ஆடுகிறது, அடியிலிருந்து சூடும் ஏறுகிறது, ஷோர்ட் ஷிப்டர் (கை கொஞ்சம் நகர்ந்தாலே கியர் மாறும் லீவர்) போட்டால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இப்போதே காசைக் கொட்டாதீர்கள்.

இந்தக் காரில் லீவர் நேராகவே கியர்பொக்ஸுக்குள் இறங்குகிறது, நடுவில் கேபிள் கிடையாது. ஆகவே ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் லீவரின் அடிக்குமிழில் உள்ள பிளாஸ்டிக் புஷ் (குமிழை ஆடாமல் பிடிக்கும் சின்ன மூடி) தேய்ந்ததுதான். சூடு ஏறுவது லீவரைச் சுற்றி மூடும் கீழ் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்ததால். இரண்டும் சின்னச் சாமான்கள்.

நியூட்ரலில் விட்டு, கொன்சோலையும் மேல் பூட்டையும் கழற்றுங்கள். பிறகு மூன்று போல்ட்தான், லீவர் கையோடு வந்துவிடும். உப்புவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கிற கார் என்றால் முதல்நாள் இரவே துரு இளக்கும் ஒயில் அடித்து வையுங்கள். நான் பொறுமையில்லாமல் ஒரு போல்ட்டை முறித்து, ஒரு ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன்.

பலர் மறப்பது ஒன்று: லீவர் இறங்கும் கிண்ணத்துக்குத் தனி ஒயில் உண்டு. பழையது கறுத்த சேறுபோல் கிடக்கும். பார்மசி சிரிஞ்சால் உறிஞ்சியெடுத்து, புதிதாக 75டபிள்யூ-90 கியர் ஒயில் விடுங்கள்.

ஷோர்ட் ஷிப்டர் கை நகரும் தூரத்தைக் குறைக்கும், ஆனால் கியர் விழக் கூடுதலாக அழுத்த வேண்டும். தேய்ந்த புஷ்ஷை அது குணப்படுத்தாது.