ஆர்டருக்கு வரைந்த ஓவியம் யாருக்குச் சொந்தம்?

வணக்கம். கடைக்காரர் ஒருவர் கேட்டு நீங்கள் வரைந்து கொடுத்த தஞ்சாவூர் ஓவியத்தை அவர் காலண்டராக அச்சடித்துவிட்டார், பணம் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகும். ஆனாலும் வரைந்தவர் நீங்கள்தான் என்று உரிமை கோருவதற்கு 57ஆம் பிரிவு இடம் தருகிறது. பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த ஆர்டரில், "பதிப்புரிமை ஓவியருக்கே, அச்சடிக்கத் தனிக் கட்டணம்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், தங்கத் தாளுக்கும் கற்களுக்கும் ஆகும் செலவையாவது முன்பணமாக வாங்காமல் பலகையில் கை வைக்காதீர்கள். நீங்களாக வரைந்து விற்கும் படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எழுதிக் கொடுக்காதவரை, படம் கைமாறினாலும் பதிப்புரிமை உங்களுடையதுதான்.