லேபிள் மாறினால் பங்க் செத்துவிடுமா?

கேள்வி: சின்ன லேபிளை (ஆல்பம் வெளியிடும் கம்பெனியை) உதறிவிட்டு 1994-ல் பெரிய கம்பெனியில் 'டூக்கி' ஆல்பம் போட்ட அமெரிக்க ராக் குழு கிரீன் டே, காசுக்கு விலைபோன கூட்டம். அவர்களை இன்னும் பங்க் (பெரிய கம்பெனிகளை எதிர்க்கும் முரட்டு ராக் இசை) என்று எழுதுகிறீர்களே, கூச்சமாக இல்லையா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லை. நீங்கள் திட்டுவதை கலிபோர்னியாவின் பெர்க்லி ஊர் ரசிகர்கள் அப்போதே உங்களைவிடக் காட்டமாகத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அங்கே 924 கில்மன் தெருவில் பங்க் ஆட்களே கூடி நடத்துகிற ஒரு கச்சேரிக் கூடம் உண்டு, பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்ட குழுவுக்கு மேடை இல்லை என்பது அதன் விதி. கிரீன் டே வளர்ந்ததே அந்த மேடையில்தான், வார்னரின் ரிப்ரைஸ் லேபிளுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். (2015-ல் ஒரு நிதி திரட்டும் கச்சேரிக்கு அதே மேடையில் ஏறினார்கள், அது தனிக் கதை.)

சரி, விலைபோனது பாட்டில் தெரிய வேண்டுமே? 'வெல்கம் டு பாரடைஸ்' முந்தைய 'கெர்ப்ளங்க்' ஆல்பத்திலும் இருக்கிறது, டூக்கியிலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அதே மூன்று பேர், அதே பாட்டு, அதே எரிச்சல். கூடியது கிடாரின் கனமும், மைக் டிர்ன்ட் வாசிக்கும் பேஸ் கிடார் தெளிவாகக் காதில் விழுவதும்தான். டூக்கியின் முதல் மிக்ஸிங் (பதிவான ஒலிகளைச் சேர்த்து அளவு பார்ப்பது) பிடிக்கவில்லை என்று மறுபடி செய்ய வைத்தவர்களும் அந்த மூன்று பேர்தான்.

சின்ன லேபிள் என்றாலே யோக்கியம் என்கிற நினைப்புதான் எனக்கு இடிக்கிறது. ராயல்டி ஒழுங்காக வரவில்லை என்று கிரீன் டே தன் பழைய ஆல்பங்களை 2005-ல் திருப்பி எடுத்துக்கொண்டது யாரிடமிருந்து தெரியுமா? நீங்கள் கண்ணீர் விடும் அதே சின்ன லேபிளான லுக்அவுட்டிடமிருந்து.

அதற்காகப் பெரிய கம்பெனிக்குப் போனவர்கள் எல்லாரும் கொழித்தார்கள் என்று சொல்லவில்லை. போகவே மாட்டோம் என்று சொல்லிவந்த இன்னொரு பங்க் குழு ஜாபிரேக்கர், 1995-ல் டிஜிசி என்கிற பெரிய கம்பெனி லேபிளில் 'டியர் யூ' ஆல்பம் போட்டது. டூக்கியைத் தயாரித்த ராப் கவாலோதான் இதற்கும் தயாரிப்பாளர். ரசிகர்கள் கச்சேரிக்கு வந்து மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள், ஆல்பமும் விற்கவில்லை, அடுத்த வருஷமே குழு உடைந்தது. என்னைக் கேட்டால் டூக்கியைவிட ஒரு படி மேலான ஆல்பம் அது. கடையில் கிடைக்காமல் போய், கடைசியில் 2004-ல் அந்தக் குழுவின் டிரம்மரே தன் சொந்த லேபிளில் மறுபடி வெளியிட்டார். அதைத் தேடிப்பிடித்து முழுசாகக் கேளுங்கள். அப்புறமும் கோபம் மிச்சமிருந்தால் எழுதுங்கள், போடுகிறேன்.